இருபத்தொன்றாவது கையுறை

பேருந்தில் என் காலை யாராவது மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். என் மனைவிக்கு இதில் பெரிய வருத்தம். "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்பாள். கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதனால், ஐயா, இதை எழுதியவன் ஒரு முரடன் என்று முடிவு கட்டிவிட்டுப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. எப்போதுமே எனக்குப் பேச்சு குறைவு. தாளும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. நிதானமாக எழுதித் தருகிறேன்.

பத்தொன்பது வருடமாக நான் ஒரே அறையில் வேலை பார்க்கிறேன். மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறைகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்காக எங்கள் அறைக்கு வரும். கழுவிக் காயவைத்து, காற்றடித்துப் பார்த்து, உள்ளே தண்ணீர் நிரப்பித் தொட்டியில் தொங்கவிடுவோம். தொட்டியில் இருபது கொக்கிகள். மின்சாரத்தை ஏற்றினால் எந்தக் கையுறை எவ்வளவு கசியவிடுகிறது என்று மீட்டர் காட்டிவிடும். அளவுக்குள் இருந்தால் அது மறுபடி கம்பத்துக்குப் போகும். அளவைத் தாண்டினால் சிவப்புக் கூடைக்குப் போகும். சனிக்கிழமைதோறும் கூடையில் இருக்கும் கையுறைகளின் விரல்களைக் கத்தரித்துப் போட்டுவிடுவோம். விரலில்லாத கையுறையை எவனும் ஞாபகமறதியாகக்கூடப் போட்டுக்கொள்ள மாட்டான்.

முன்பெல்லாம் மணிக்கட்டுப் பக்கம் பெயின்டால் நம்பர் எழுதுவோம். எண்ணெயும் வியர்வையும் பட்டு மூன்றாவது மாதமே ஆறும் எட்டும் ஒன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் சூப்பர்வைசராக வந்தவர் அதற்கு முடிவு கட்டினார். நகத்தளவு ஒரு சில்லு, தலைமுடி கனத்தில் ஒரு கம்பிச்சுருள், இரண்டையும் ரப்பருக்குள் வைத்து, கையுறையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி ஒன்றாக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் லேபிள். ஒட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே ரப்பராகிவிடும். நான் அதைக் கொதிநீரில் போட்டிருக்கிறேன், சுத்தியலால் தட்டியிருக்கிறேன், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இழுத்திருக்கிறேன். கத்தி வைத்துப் பெயர்த்தால் கையுறை கிழியுமே தவிர லேபிள் வராது. மேசையில் பதித்த ரீடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தொடக்கூட வேண்டாம், அந்தக் கையுறையின் நம்பர் திரைக்கு வந்துவிடும். தொட்டியில் தேறிய இருபதையும் ஒரு தட்டில் குவித்து ரீடர் மேல் வைத்து, ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் இருபதுக்கும் 'தேர்ச்சி' பதிவாகும். பச்சை விளக்கு எரியும். தேறாததைத் தனியாகக் காட்டித் 'தோல்வி' என்று ஏற்றுவோம், அதற்குச் சிவப்பு.

சூப்பர்வைசருக்கு அந்தப் பச்சையின் மேல் அப்படி ஒரு மோகம். "பச்ச வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். எங்களுக்குள் அவருக்குப் பெயரே பச்சைவிளக்கு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். விசிலடித்துக்கொண்டே நடப்பார். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார்; அந்த அண்ணே எனக்குக் காலில் முள்ளாகத்தான் இருந்தது. சோதித்தவனே வெட்டக் கூடாது என்று புது விதி போட்டு, சனிக்கிழமைகளில் கூடையைத் தானே காலி செய்வார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கைரீடரில் காட்டுவார். சிவப்பு வந்தால் வெட்டுவார். எப்போதாவது பச்சை வந்தால், நல்லது தவறி விழுந்துவிட்டது என்று அலமாரியில் திருப்பி வைத்துவிடுவார். "கூடைய நம்பாதீங்கண்ணே, லேபிள நம்புங்க" என்பார். இது எங்கள் அறையின் வழக்கமாகிவிட்டது. யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். மனைவியின் தம்பி. அவளுக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எங்களுக்குக் கல்யாணமானபோது அவனும் சீதனம் மாதிரி கூடவே வந்துவிட்டான். லைன்மேன் ஆனான். கம்பியில் உட்கார்ந்தால் இறங்க மனம் வராது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் குருவி என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பதை அப்படியே நடித்துக் காட்டுவான். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கையுறை வாங்க ஸ்டோர் ஆளை அனுப்பாமல் தானே எங்கள் ஜன்னலுக்கு வருவான். "மாமா, நல்லதா பாத்துக் குடுங்க. எனக்கு எதாவது ஆச்சுன்னா அக்கா உங்களத்தான் வறுத்தெடுப்பா" என்பான். நானும் அவன் கை அளவான எட்டாம் நம்பரில் புதிதாகத் தெரிகிற ஜோடியைத் தேடி எடுத்துக் கொடுப்பேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்குக் கம்பத்தின் மேலேயே அவன் போய்விட்டான். மின்சாரத்தை நிறுத்தி இறக்குவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தான் என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். வலது கையுறையில் இரண்டு விரல்களுக்கு நடுவே கருகிய ஓட்டை. அந்தக் கையுறையை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். எரிந்து சுருங்கி, கை என்ற உருவமே போயிருந்தது. ரீடரில் வைத்தோம். பச்சை எரிந்தது.

விசாரணைக்கு வந்த மூன்று பேரும் அந்தப் பச்சையைத்தான் எழுதிக்கொண்டார்கள். சோதனை அறை சுத்தம், பதிவு சுத்தம். ஆகவே கையுறை வெளியே போன பிறகுதான் கெட்டிருக்க வேண்டும்; போடுவதற்கு முன் காற்றடித்துப் பார்க்காதது இறந்தவரின் கவனக்குறைவு. ஒன்றரைப் பக்க அறிக்கை. அதை என் மனைவி தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வைத்துப் படித்தாளாம். நோயாளிகளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னாள்.

"என் தம்பி காத்தடிச்சுப் பாக்காம போடவே மாட்டான்" என்றாள். உண்மைதான். அந்தக் கையுறையில் காற்று நிற்கும். ரப்பர் ஓரிடத்தில் மெலிந்திருந்தால் காற்றுக்குத் தெரியாது, தொட்டிக்குத்தான் தெரியும். எனக்கு இது தெரியும். அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அது நான் செய்த பிசகு. அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி. "அப்போ தொட்டியில தெரிஞ்சிருக்கணும்ல? யாரு அத நல்லதுன்னு அனுப்புனது?" சோறு போடும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள். சத்தம் போட மாட்டாள். பல் டாக்டரிடம் வருகிறவர்களை 'எந்தப் பல்லுங்க?' என்று கேட்கும் அதே குரல். இரண்டு மாதம் அவள் அழவே இல்லை. தூக்கத்தில் என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த வீட்டில் நான் ஒரு சாட்சியைப் போல இருந்தேன். எனக்கு அவளைத் தவிர யாருமில்லை, ஐயா. குழந்தை இல்லை. குருவியும் போய்விட்டான்.

ஒரு நாள் பதில் சொன்னேன். குருவியின் அந்த வலது கையுறை தொட்டியில் தேறவில்லை. மாலை மூன்று பத்துக்கு அது சிவப்புக் கூடைக்குப் போனது. சனிக்கிழமை சூப்பர்வைசர் கூடையிலிருந்து எடுத்து நல்ல அலமாரியில் வைத்தார், நான் பார்த்தேன் என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அவன் கையாலயே எடுத்தானா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரியாமயா எடுப்பாரு?" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். தரையில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "அவனும் அப்படியே போகணும்" என்றாள். அன்று என் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு சூப்பர்வைசரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கொதித்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் யார் மேலும் வராத வெறுப்பு. விசில் சத்தம் வராந்தாவில் கேட்டால் பல்லைக் கடிப்பேன். குருவி மண்ணுக்குள் போய்விட்டான். இவன் வாயில் பாட்டு. குருவி கவனக்குறைவுக்காரன் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. இவன் தேநீர் நன்றாக இருக்கிறது என்கிறான். அவன் குவளையைக் கழுவி வைக்கும்போது உடைத்துவிடலாமா என்று தோன்றும். கழுவித்தான் வைத்தேன்.

அவர் என்று எழுத வேண்டிய இடத்தில் அவன் என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

குருவி போனபின் லைன்மேன்கள் எங்கள் கையுறைகளைத் தொட மறுத்தார்கள். அதைச் சரிக்கட்ட சூப்பர்வைசர் ஒரு வேலை செய்தார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பயிற்சி முற்றத்தில் எல்லோரையும் கூட்டி, அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை அவர்களையே எடுக்கச் சொல்வார். கைரீடரில் காட்டுவார். பச்சை வரும். போட்டுக்கொண்டு, மின்சாரம் ஓடும் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவார். இப்படிச் செய்யலாமா என்று பாதுகாப்பு அதிகாரி முகம் சுளித்தார், ஆனால் கைத்தட்டலைப் பார்த்து அவரும் சும்மா இருந்துவிட்டார். நான்கு மாதம் இப்படி நடந்தது. பாதிப் பேர் மறுபடி எங்கள் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

சூப்பர்வைசருக்குப் பெரிய கை. பதினொன்றாம் நம்பர்தான் நுழையும். எங்களிடம் அந்த அளவில் புழங்குவது மிகக் குறைவு, எத்தனை பேர் 'தேர்ந்தெடுத்தாலும்' நாலைந்து ஜோடிக்குள்தான் எடுக்க வேண்டும். இதை நான் முதல் மாதமே கவனித்தேன். அதற்குள் விதி மாறியிருந்தது: தேறாததை அங்கேயே, அப்போதே வெட்ட வேண்டும். வெட்டினேன். பதினொன்றாம் நம்பரில் வலது கை தேறாமல் போனால் மட்டும் வெட்டாமல், கையுறைக்குள் தூவுகிற பவுடர் டின்களுக்குப் பின்னால் வைத்தேன். எதற்கென்று அப்போது தெரியாது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான்கு மாதத்தில் மூன்று சேர்ந்தன.

நேற்று நீங்கள் எனக்குக் காட்டிய கம்ப்யூட்டர் பதிவுகளில் முதல் தாளில் இருப்பது ஐந்தாவது வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் நடந்தது. மாலை நாலரைக்குத் தொட்டியில் இருபது கையுறைகள் தேறின. நான் தட்டை ரீடர் மேல் வைத்தேன். அந்த மூன்றையும் ஒரு பையில் போட்டு மேசைக்கு அடியில், முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ரீடருக்குப் பையும் பலகையும் ஒரு பொருட்டே இல்லை. எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லா லேபிளையும் படிக்கும். திரையில் இருபத்துமூன்று என்று வந்தது. பட்டனை அழுத்தினேன். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறியது, மூன்றும் பச்சையாகிவிட்டன. லேபிளை நான் பெயர்க்கவில்லை, கம்ப்யூட்டரில் எதையும் திருத்தவில்லை. அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறதோ அப்படியே செய்யவிட்டேன். மூன்றுக்கும் இடது கை ஜோடி சேர்த்து அலமாரியில் வைத்தேன். மற்ற பதினொன்றாம் நம்பர்களை ஸ்டோரின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் தேநீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அலமாரியில் இரண்டு ஜோடிதான் இருந்தது. ஸ்டோர் பெண்ணைக் கேட்டேன். "ஒரு தடியான ஆளு வந்து வாங்கிட்டுப் போனாருங்க. புதுசா வந்த கேங்காம்" என்றாள். வண்டி எந்தப் பக்கம் போனது என்றும் சொன்னாள். போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பி வாங்கியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். பதினொரு மணிக்கு முற்றத்தில் நிகழ்ச்சி இருந்தது. நான் மீட்டரைத் துடைத்து வைத்தேன்.

முற்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஒரு கிழட்டு லைன்மேன் இரண்டு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். காற்றடித்துப் பார்த்தார்கள், நின்றது. கைரீடரில் காட்டினார்கள், பச்சை வந்தது. சூப்பர்வைசர் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார். பிறகு கம்பியைப் பிடித்தார். எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். மூன்றுவரை எண்ணினார்கள்.

அந்தப் புதிய ஆளுக்குப் பன்னிரண்டரை மணிக்கு நடந்தது. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் அக்கா இருக்கிறாளா என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "முடிஞ்சுது. அதே மாதிரிதான் போனான். நான்தான் செஞ்சேன்" என்றேன். அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. எனக்கு ரோஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக நீங்கள் எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் நான் முணுமுணுக்க மாட்டேன்.

இதுவரை எழுதிய ஏழு தாள்களிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இரண்டாவது தாள். அதற்கும் பதில் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்றீர்கள். சரி.

நீங்கள் படித்தது சரிதான். குருவி போவதற்கு எட்டு நாள் முன்பு, அதே மேசை, அதே தொட்டி. மாலை நாலு ஐம்பது. தொட்டியில் இருந்தது இருபது. பதிவானது இருபத்தொன்று. மூன்று பத்துக்குத் 'தோல்வி' என்று ஏறிய எட்டாம் நம்பர் வலது கையுறை நாலு ஐம்பதுக்குத் 'தேர்ச்சி' ஆனது. விசாரணைக்கு வந்தவர்கள் கடைசிப் பதிவை மட்டும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் முழுவதையும் தோண்டிப் பார்த்தார். ஐந்து மாதம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், விசிலில்லாமல் என் அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்தக் கூடை செவுத்தோரம் இல்ல போலிருக்கு அன்னைக்கு. மேசைகிட்ட இருந்திருக்கு. ரீடர் அதையும் சேத்துப் படிச்சிருக்கு."

நான் கையிலிருந்த கையுறையைக் கொக்கியில் மாட்டினேன்.

"யாரு நகத்துனதுன்னு நான் கேக்கல. எம்மேலயும் தப்பு இருக்கு. கூடையில கெடந்தத நான்தானே எடுத்து வச்சேன்? லேபிள் லேபிள்னு ஆடுனது நான்தானே?" அவருடைய கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேரும் சேந்து எழுதிக் குடுத்துருவோம்ணே. உங்க மச்சான் மேல இருக்கிற பழி போகணும். காத்தடிச்சுப் பாக்காம போட்டான்னு சொல்றது பாவம். நான் வந்து உங்க வீட்டுலயும் சொல்லிடறேன். அக்கா காலுல விழுந்துகூடச் சொல்லிடறேன்."

வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்றார். பவுடர் டின்களுக்குப் பின்னால் இருந்தவை எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கூடையைக் காலால் தள்ளி மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவன் நான்தான். எனக்கு முழங்கால் வலி. சுவருக்கும் மேசைக்கும் ஆறு எட்டு நடை. ஒரு நாளைக்கு முப்பது தடவை. யார் செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். திரையில் இருபத்தொன்று என்று வந்ததைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். அது சில சமயம் ஒன்றையே இரண்டு முறை எண்ணும் என்று நினைத்தேன். மறுபடி எண்ணினால் ஐந்து மணிப் பேருந்து போய்விடும். அழுத்திவிட்டேன். சனிக்கிழமை அவர் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சை வந்திருக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் குருவி ஜன்னலுக்கு வந்து, "நல்லதா பாத்துக் குடுங்க மாமா" என்றான். பார்த்துத்தான் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் அந்த வெள்ளிக்கிழமையே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதாக இருந்தார். காரணம் தெரிந்துவிட்டது, கூடையைச் சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டியாகிவிட்டது, இனி பச்சையை நம்பலாம் என்று அவர் தைரியமாக இருந்தார். நான்தான் சொன்னேன், முதலில் கம்பியைப் பிடித்துக் காட்டிவிடுங்கள், விஷயத்தைப் பிறகு சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பிடித்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றார். முற்றத்தில் தலையை ஆட்டினாரே, அது அதற்காகத்தான்.

அவர் எழுதி வைத்த கடிதம் அவருடைய மேசை இழுப்பறையில் கிடைத்தது என்று காட்டினீர்கள். அவர் கையெழுத்து இருக்கிறது, என்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறார். நானும் போட்டுவிட்டால் அறிக்கையைத் திருத்த வழியிருக்கிறது, குருவியின் பெயர் சுத்தமாகும் என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதம் வெளியே போனால் அவள் படிப்பாள். அவள் எதையும் இரண்டு முறை படிப்பவள்.

அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கடைசி இரண்டு தாள்களிலும் போட மாட்டேன். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதினேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் முதல் ஏழு தாள்களைப் படித்துக் காட்டுங்கள், அது போதும். குருவி மேல் இருக்கும் பழி இருந்துவிட்டுப் போகட்டும். அவன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் இல்லை. அவனுக்காகத்தானே நான் இத்தனையும் செய்தேன்.